லண்டனில் கரண்ட் இல்லை

"லண்டன்ல கரண்ட் இல்லியா?"

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கலைமதியின் கை நின்றது. போனைத் தோளால் காதோடு இடுக்கியிருந்தாள். "இன்னாண்ணா பேசற? தூக்கக் கலக்கத்துல கீறியா?"

"இல்ல கலை. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல சப்ஸ்டேஷன் எரிஞ்சிடுச்சு. ஹீத்ரோ மொத்தமும் இருட்டா கெடக்குது. இன்னிக்கு நாள் முழுக்க ஒரு ஃபிளைட்டும் கெடையாதுன்னு சொல்ட்டாங்க."

"நீ வேலை செய்யற ஏர்போர்ட்டா?"

"ம்."

"நீ ஏற வேண்டிய அன்னிக்கா?"

மறுமுனையில் அண்ணன் தமிழ்வாணன் மறுபடியும் "ம்" என்றான். அங்கே இன்னும் விடிந்திருக்காது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் அங்கிருந்தே ஏறிவிடலாம் என்று பையோடு வேலைக்குப் போனவன், எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறான் என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது. அது தெரிந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெட்டிக்குள் அப்பா எல்லப்பன் படுத்திருந்தார். தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் ஒட்டிய ஒற்றை ரூபாய், எப்போதும்போல ஒரு பக்கம் கோணலான மீசை. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே படுத்தவர், டீக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. யாரையும் படுத்தாமல் போய்விட்டார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். படுத்துகிற வேலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கலைமதிக்குத் தோன்றியது.

நேற்று சாயங்காலமே அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். சனிக்கிழமை விடியும்போது வீட்டில் இருப்பேன் என்றான். சனிக்கிழமையில் எடுக்கக் கூடாது என்று உறவுக்காரர்கள் முனகியபோது, பெற்ற பிள்ளை வருகிறான், பாடையில் ஒரு கோழியைக் கட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று சம்மதிக்க வைத்ததே அவள்தான். அதற்குள் இது.

"சரி, நீ போனை வை. நான் வெளிய போய்ச் சொல்லணும்" என்றாள்.

சொல்வதற்கு முன் வாசல்படியில் கொஞ்சம் நின்றாள். சாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எப்ப எடுக்கறீங்க? வல்லம் வடகால் ஊரைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களால் ஷிஃப்ட் பார்த்துத்தான் துக்கத்துக்கு வர முடியும். அவள் வேலை பார்க்கிற, கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியிலிருந்தும் சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வேன் வைத்து ஆட்களை அனுப்ப வேண்டுமாம், நேரம் சொல்ல வேண்டுமாம்.

"லண்டன்ல கரண்ட் போயிட்ச்சாம்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். "ஏர்போர்ட்டே மூடிட்டாங்களாம். அண்ணன் வர லேட்டாவும்."

சித்தப்பா முனிரத்தினம், அப்பாவின் தம்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கரண்ட்டா?"

"ஆமா சித்தப்பா."

"லண்டன்ல."

"ஆமா."

அவர் தலையைத் தூக்கிச் சாமியானாவின் நடுக்கம்பில் கட்டியிருந்த குண்டு பல்பைப் பார்த்தார். நேற்று ராத்திரி போட்டது, அணைக்க மறந்து பகல் வெளிச்சத்திலும் எரிந்துகொண்டிருந்தது. "நம்ப சிப்காட் லைன்ல ஒரு செகண்டு கட்டாகல. அங்க போயிட்ச்சா." பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்குகிற இருமல்.

கலைமதிக்குக் காது சுட்டது. இந்த இருமலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் நடுவில் நின்றவர் அப்பா.

அவள் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, வானமெல்லாம் சாம்பல் பரவி, இங்கிலாந்தில் ஒரு விமானமும் பறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மத்தியில் நின்று அப்பா அதைச் சொன்னார். எரிமலைக்கும் ஏரோபிளேனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் மாமனார் கேட்ட கேள்விக்குக் கையை அகல விரித்துச் சாம்பல் எப்படிப் பரவும் என்று காட்டினார். அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அப்போது ஹீத்ரோவில் பனி கொட்டி ஓடுபாதையே மூடிப்போனது. தென்மாவட்டப் பையன்களுக்கு வாடகைக்கு விட அப்பா வரிசையாக அறைகள் கட்டிப் பால் காய்ச்சினார். அன்றைக்கு அண்ணன் ஏற வேண்டிய விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர் முழுவதும் படுத்துவிட்டது. கலைமதியின் மகள் கனிஷ்காவுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீரோடு வர வேண்டியவன். அந்த வாரம் இங்கிலாந்து வானத்தையே நிர்வகிக்கிற கம்ப்யூட்டர் நின்றுபோனது. நடுவில் கொரோனா வேறு.

எல்லாம் நிஜம். அதுதான் கொடுமை. ஒவ்வொரு முறையும் அவள் போனில் தேடிப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் நிஜமாகவே இருந்தது. வர மனசில்லாத அண்ணனாக இருந்தால் ஒரு தடவை ஆசை தீரத் திட்டித் தலைமுழுகியிருக்கலாம். எரிமலையை எப்படித் திட்டுவது?

விசேஷம் ஒன்றும் இல்லாத சாதாரண நாட்களில் அவன் இரண்டு முறை வந்திருக்கிறான். இரண்டு முறையும் விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது.

ஊர் ஒன்றை மட்டும் நம்பியது. அண்ணன் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில் முதலில் சேர்ந்தது லூட்டன் ஏர்போர்ட்டில், மோனார்க் விமானக் கம்பெனிக்கு. ஒரு நாள் விடியற்காலையில் அது மூடிவிட்டது. அடுத்து கேட்விக்கில் தாமஸ் குக். அதுவும் அதேபோல ஒரு விடியற்காலையில் மூடிவிட்டது. கம்பெனி மூடுவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் கதையாகத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனி மூடியபோது வீட்டுக்கு ஒருவர் வெளியே வந்தார்கள். கலைமதியும் அதில் ஒருத்தி.

"எக்கா, நெசந்தான்" என்று ஒரு குரல் வந்தது. அறையில் குடியிருக்கும் இசக்கிபாண்டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்தான். போனை உயர்த்திக் காட்டினான். "நியூஸ்ல போட்ருக்கான் பாருங்க. பெரிய தீ. ஏர்போர்ட்டு மொத்தமும் அவுட்டு."

போன் கைமாறியது. எரிகிற படத்தை ஒவ்வொருவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். சித்தப்பா கடைசியாகப் பார்த்தார்.

"சரிப்பா. அது ஒண்ணுதானா? வேற ஏர்போர்ட்டே இல்லியா அந்த ஊர்ல?"

இசக்கிபாண்டி தேடினான். "லண்டன்ல மொத்தம் ஆறு கெடக்கு."

"ஆறா!" சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. "ஆறு ஏர்போர்ட்ட வச்சிக்கினு ஒண்ணுத்துல ஏறி வர முடிலியா அவனால? நம்பளுக்குப் பரந்தூர்ல ரெண்டாவது கட்டறதுக்கே இந்தப் பாடு."

"மொதல்ல அங்கயும் நம்மள மாரிதான் போல" என்று இசக்கிபாண்டி உற்சாகமாகப் படித்தான். தூக்கமில்லாத உற்சாகம். "ஹீத்ரோங்கது ஒரு சின்ன கிராமமாம். காய்கறித் தோட்டம், பழத்தோட்டம். யுத்தம் நடக்கும்போது ராணுவத்துக்குன்னு சொல்லி எடுத்துட்டான். எல்லா வீட்டயும் இடிச்சிட்டு, யுத்தம் முடிஞ்சதும் பொது ஏர்போர்ட்டா மாத்திட்டான். கட்டடம் கெடையாது பாத்துக்கிடுங்க. பந்தல் போட்டுத்தான் ஆளுகள உக்கார வச்சிருக்கான்."

எல்லாரும் ஒரு கணம் தலைக்கு மேலிருந்த துணியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "வூடு போனவங்களுக்கு மாத்து எடம் குடுத்தாங்களா?"

"அத போடலியே."

"போட மாட்டான்" என்றார் இன்னொருவர். "எங்களுக்கு மட்டும் குடுத்தானா?"

அவ்வளவுதான். சாவு வீடு என்பதே மறந்துபோய் நிலம் எடுத்த கதையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யார் வயல் எந்தக் கம்பெனியின் கேட்டுக்குள் போனது, யார் முதலில் கையெழுத்துப் போட்டது, வெள்ளைக்காரன் அவன் ஊர்க்காரனையே விடவில்லை பார் என்றெல்லாம்.

"இப்ப இது ரொம்ப முக்கியமா?" என்று கலைமதி கத்தினாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போன் வந்துகொண்டே இருந்தது. கேட்விக்கில் ஒரு சீட்டு இருக்கிறது என்றான் தமிழ்வாணன். வெளியே போய்ச் சொன்னாள். பணம் கட்டப் போகிற நேரத்தில் போய்விட்டது என்றான். வெளியே போய் அதையும் சொன்னாள். ஸ்டான்ஸ்டட் என்று ஒன்றைச் சொன்னான். அங்கிருந்து கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர முடியும். "இப்ப எந்த ஏர்போர்ட்டுமா?" என்று பக்கத்து வீட்டு ராஜம்மா டீ டம்ளரோடு ஆவலாகக் கேட்டாள். கலைமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரன் ஐஸ் பெட்டிக்காரனிடமும், சுடுகாட்டில் விறகு அடுக்குகிறவனிடமும், மாலைக்காரனிடமும் நேரத்தை மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மதியம் அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான். பின்னால் ரயில் ஓடுகிற சத்தம்.

"மான்செஸ்டர் போய்க்கினு கீறேன் கலை. அங்கேருந்து துபாய் வழியா கெடச்சிடுச்சு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல இறங்கிடுவேன்."

"மான்செஸ்டர் எங்க கீது?"

"வடக்குல. ரயில்ல போவணும்."

"நீ வர வேணாம்ணா."

"இன்னாது?" என்றான் ரயில் சத்தத்துக்கு மேல்.

"கேட்டியா? வர வேணாம். என்னால முடியல. ஒவ்வொரு தபாவும் வெளிய போய் ஒவ்வொரு ஊர் பேரா சொல்லிக்கினு நிக்கறேன், எல்லாரும் என் வாயப் பாத்து சிரிக்கறாங்க. அப்பா உனுக்காகப் பேசிப் பேசி அசிங்கப்பட்டது போதாதா? இன்னிக்கே எடுத்துடறோம். நீ திரும்பிப் போய் உன் வேலையப் பாரு."

"டிக்கெட் எடுத்துட்டேன் கலை."

"எப்பவும்தான் எடுப்ப" என்று சொல்லிவிட்டுக் கட் செய்தாள். சொன்னதற்காக வருத்தமாக இல்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

நிமிர்ந்தபோது அம்மா பாஞ்சாலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவள், யார் வந்து கட்டிப்பிடித்து அழுதாலும் அழாமல் இருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா. இன்னிக்கே எடுத்துடலாம்."

"எடுத்துடுங்க" என்றாள் அம்மா. "பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடுங்க. இந்த மனுசன்தான் அவன் வருவான் வருவான்னு போற வண்டியெல்லாம் பாத்துக்கினு கெடந்தான். நான் என்னிக்கும் பாத்ததில்ல. எனுக்கு இத்த இப்படிப் பொட்டிக்குள்ள பாக்க முடியல."

அம்மாவே சொல்லிவிட்டாள். கலைமதி வெளியே வந்தாள். சித்தப்பா ஏற்கெனவே எழுந்து நின்று ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார். கொள்ளிச் சட்டியை அவர் மகன் பகலவன் தூக்குவான், பங்காளி முறைக்கு அதுதான் சரி என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பகலவன் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"எந்தக் காலத்துல வந்தான் அவன்?" என்று சித்தப்பா நாற்காலிக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். "எரிமலைன்னான், பனின்னான், கம்ப்யூட்டருன்னான். எல்லாம் எங்கண்ணன் ஜோடிச்ச கதை. புள்ள மதிக்கலன்னு வெளிய சொல்ல முடியுமா? இன்னாமோ சொல்லி மானத்தக் காப்பாத்திக்கினு இருந்தாரு, பாவம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குரலில் இரக்கம்கூட இருந்தது. அந்த இரக்கம்தான் கலைமதிக்குத் தாங்கவில்லை.

"எங்கப்பா கதை சொல்லல" என்றாள்.

"சரிம்மா, விடு..."

"இன்னாத்த விடறது? எரிமலை நெஜம் சித்தப்பா. என் கல்யாணத்தன்னிக்கு அங்க ஒரு பிளேன் பறக்கல. ஊர் ஊரா ஜனங்க ஏர்போர்ட்ல படுத்துக் கெடந்தாங்க. அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணப்ப பனியில எல்லா பிளேனும் ஒறஞ்சி நின்னுது. கம்ப்யூட்டர் போனதும் நெஜம். கனிஷ்கா சடங்குக்கு அவன் பொடவையோட போயி ஏர்போர்ட் தரையில உக்காந்துக்கினு கெடந்தான், போட்டோ அனுப்னான், எங்கிட்ட கீது, காட்டட்டுமா?" அவள் கை தானாக அகல விரிந்திருந்தது. மூச்சு வாங்கியது. "இன்னிக்குக் கரண்ட் போனதும் நெஜம். அவன் மான்செஸ்டர் போய்க்கினு கீறான். வடக்கால கீது, ரயில்ல போவணும். நாளைக்கு வருவான். நாளைக்குத்தான் எடுப்போம்."

"நாளைக்கு சனிக்கெழமம்மா."

"கோழி கட்டிக்கலாம்."

"நீயேதானே இப்ப எடுக்கலாம்னு..." என்று அவள் வீட்டுக்காரன் மெல்ல ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மறுபடியும் உயிர்ப்பித்தான்.

பகலவன் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான். அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கலைமதி உள்ளே போனாள். வாசலில் பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருந்தது. அம்மா கொஞ்சம் நகர்ந்து, உட்கார இடம் விட்டாள்.

அண்ணனைத் திருப்பிக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வருவானா, இவள் சொன்னதைக் கேட்டுப் பாதி வழியில் இறங்கிவிட்டானா என்று தெரியாமலே அன்றைய பொழுது போனது.

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ஊதுவத்திக் கட்டுகள் தீர்ந்து மறுபடியும் வாங்கி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் ஷிஃப்டுக்குப் போய்விட்டு இரண்டாவது முறையாக வந்தார்கள். காலையிலிருந்து அவளிடம் யாரும் நேரம் கேட்கவில்லை, கேட்கப் பயந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது ஒரு சென்னை நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. டாக்ஸி டிரைவரின் போன்.

"எறங்கிட்டேன்" என்றான் தமிழ்வாணன். "ஒரகடத்துல நிக்கறோம். முன்னால டிரெய்லர் ஒண்ணு திரும்ப முடியாம ரோட்ட அடச்சிக்கினு கீது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு மேல் வானத்தைத் தாண்டி வந்தவன், கூப்பிடு தூரத்தில் கார் ஏற்றுகிற லாரிக்குப் பின்னால் நிற்கிறான். சிரித்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ராஜம்மா முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவத் தடவ அது அழுகையாகவே ஆகிவிட்டது.

அவன் இறங்கியபோது சாமியானாவுக்குக் கீழே எல்லாரும் எழுந்தார்கள். கலைமதிக்கு ஒரு கணம் ஆள் தெரியவில்லை. முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. கையில் பெட்டி இல்லை, ஒரு சின்னப் பை மட்டும். ஏர்போர்ட்டில் போடுகிற மஞ்சள் சட்டையை இன்னும் கழற்றியிருக்கவில்லை. அதன் வெள்ளிப் பட்டைகள் வெயிலில் பளிச்சிட்டன. வேலைக்குப் போன இடத்திலிருந்து அப்படியே அலைந்திருக்கிறான்.

அவன் முதலில் வீட்டுக்குள் வரவில்லை. சித்தப்பாவின் எதிரில் நின்று கையைப் பிடித்துக்கொண்டான்.

"சப்ஸ்டேஷன்ல தீ சித்தப்பா. ரன்வே எல்லாம் நல்லாதான் இருந்துச்சு. கரண்ட் மட்டும்..."

சித்தப்பா தலையை ஆட்டினார். அவன் அடுத்தவரிடம் போனான். "மான்செஸ்டர் போய்தான் ஏற முடிஞ்சுது..." அவன் குரல் தேய்ந்திருந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தொடங்கினான். மூன்றாவது ஆளிடம் அவன் வாயைத் திறந்தபோது கலைமதி போய் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"நான் சொல்லிட்டேண்ணா" என்றாள். "எல்லாருக்கும் தெரியும். நீ உள்ள வா."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு சின்னப் பையன் மாதிரி பின்னால் வந்தான்.

பெட்டிக்கு முன்னால் நின்றான். அம்மா அவனை அண்ணாந்து பார்த்து, "கோணலாவே கீது பாரு மீசை" என்றாள். அவன் சுவரோரமாக அப்படியே சரிந்து உட்கார்ந்து, கண்ணாடியின் மேல் ஒரு கையை வைத்தான். அழுவான் என்று பெண்கள் காத்திருந்தார்கள். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் எடுக்கக் குடங்களோடு ஆட்கள் குழாயடிக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் வந்ததும் அவன் எழுந்துகொள்ள வேண்டும். கலைமதி வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தபோது, அவன் தலை பெட்டியின் ஓரத்தில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டான்.

"எழுப்பும்மா" என்றார் சித்தப்பா வாசலிலிருந்து. "பொழுது போவுது. இதுக்கு மேல வச்சிக்கினு இருக்க முடியாது."

வெளியே பறைக்காரர்கள் கம்பெனி அட்டைப்பெட்டிகளைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குச்சியை எடுத்து முதல் அடிக்குக் கையை ஓங்கினான்.

கலைமதி வேட்டியை அப்படியே கையில் பிடித்தபடி வெளியே ஓடினாள்.

"அண்ணா, இருங்க, கொஞ்ச நேரம்" என்றாள் பறைக்காரனிடம். "கொஞ்ச நேரம் அடிக்காதீங்க."

அவன் கேள்வியாகச் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா கலைமதியைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பறைக்காரன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, பறையை மறுபடியும் தீயின் பக்கம் சாய்த்துப் பிடித்தான். இன்னொரு அட்டையைக் கிழித்து உள்ளே போட்டார்கள். அது ஓரத்தில் பழுத்து, மெதுவாகப் பற்றிக்கொண்டது.